மாற்றவே வேண்டாத எண்ணெய்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊன்றிவிட்டது. எஞ்சின் ஆயிலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிவப்பு ஆயிலை மட்டும் தொடவே கூடாது. அது காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்துக் கம்பெனியில் ஊற்றி அனுப்பியது. திண்டுக்கல் பக்கத்தில் வண்டி ஓடிய வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இந்த நம்பிக்கை எவ்வளவு புதியது என்பது விளங்கும். மாட்டு வண்டியின் இருசுக்கு மை போட்ட காலத்திலிருந்து, பஸ் டெப்போவில் கிலோமீட்டர் கணக்கு எழுதிய காலம் வரை, எண்ணெயை எப்போது மாற்றுவது என்று தீர்மானித்தவர் வண்டி வழியில் நின்றுபோனால் நட்டப்படுகிறவர்தான். வண்டியைச் செய்து விற்றவர் அந்த முடிவில் தலையிட்டதில்லை. ஆட்டோமேட்டிக் காரில்தான் முதன்முறையாக அந்த முடிவு விற்பவர் கைக்குப் போயிருக்கிறது. இந்தச் சமவெளியின் வெயிலையும் அதை ஒட்டி நிற்கும் மலையையும் கணக்கில் எடுத்தால், அதை உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொள்வதே நியாயம் என்பது என் கட்சி.

மேற்கே பழனி மலை, கிழக்கே சிறுமலை, நடுவே வறண்ட செம்மண் பூமி. திண்டுக்கல்லின் வணிகம் முழுக்க வண்டிப் பாதைகளின் மேல்தான் நின்றது. புகையிலை, பருத்தி, தோல், மலையிலிருந்து இறங்கிய காப்பியும் வாழைப்பழமும் எல்லாம் மரச்சக்கரத்தில்தான் போயின. அந்தச் சக்கரத்தின் உயிர் குடத்துக்குள் இருந்தது. மரக்குடத்துக்குள் இருசு உராய்ந்து சுழலும்போது சூடு ஏறும், தேயும், கவனிக்காவிட்டால் கருகும். அதற்காக வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டி மை செய்தார்கள். கரி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒழுகிப்போக விடாது. மை நிறைந்த மூங்கில் குழாய் ஒன்று வண்டியின் அடியில் எப்போதும் தொங்கும். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே தள்ளி, பழைய மையை வழித்தெடுத்துவிட்டுத்தான் புதிய மையைப் போடுவார்கள். பழைய மையில் இருசின் தேய்மானமும் மண்ணும் கலந்திருக்கும். அதன் மேலேயே புதியதை அப்பினால், மை தானே அரமாக மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாரத்தையும் பாதையையும் கோடையா மழையா என்பதையும் பார்த்து வண்டிக்காரரே முடிவு செய்தார். வழிநடை வண்டிக்கு முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. உப்பு விற்ற உமணர்கள் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் உவமையாகவே ஆள்கிறார். உடைந்த பிறகு மாற்றிக்கொள்ளச் சேம அச்சு. உடையாமல் காக்க மை. இரண்டும் வண்டிக்காரரின் பொறுப்பு.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறந்தது. வண்டிகள் குறையவில்லை, ரயிலடியை நோக்கித் திரும்பின. கொடைக்கானலுக்குப் போகிற துரைமார்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். அந்த ஸ்டேஷனுக்குக் கொடை ரோடு என்ற பெயர் நிலைத்ததே இந்த வழியால்தான். ரயில் இங்கே கொண்டுவந்த புதுமை, எண்ணெய் வைப்பதை ஒரு அட்டவணைக்குள் அடக்கியது. அந்தக் கால ரயில் பெட்டியின் அச்சு, வெண்கலத் தாங்கியின் கீழே சுழன்றது; அதற்குக் கீழே பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுக்கழிவு அடைத்திருக்கும். பஞ்சு காய்ந்தாலோ எண்ணெயில் அழுக்கு சேர்ந்தாலோ அச்சு சிவக்கச் சூடேறும். ரயில்காரர்கள் இதை ஹாட் ஆக்சில் என்பார்கள். சூடேறிய பெட்டியை அடுத்த ஸ்டேஷனிலேயே கழற்றி ஒதுக்க வேண்டியதுதான். தொடக்கத்தில் இந்திய ரயில்வேக்கள் மசகாகப் பயன்படுத்தியதிலும் விளக்கெண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. மாட்டு வண்டிக்கும் நீராவி ரயிலுக்கும் ஒரே ஆமணக்கு. வேறுபாடு நிர்வாகத்தில் இருந்தது. வண்டிக்காரர் கண்ணால் பார்த்துச் செய்ததை, ரயில்வே தேதி வைத்துச் செய்தது. பஞ்சு எப்போது மாற்றப்பட்டது என்பது பெட்டியின் மேலேயே எழுதப்பட்டது. எண்ணெய் கெட்டுப்போனதா என்று சோதித்துக்கொண்டிருக்காமல், கெடுவதற்கு முன்பே மாற்றிவிடும் பழக்கம் இங்கே இப்படித்தான் நுழைந்தது.

மோட்டார் வண்டி இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. 1911-இல் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு பஸ் ஓட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கவும் செய்தது. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று தென்மாவட்டங்களில் சொல்லுமளவுக்கு நேரம் தவறாமை அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நேரம் தவறாமல் ஓடுவதற்கு ஓட்டுநரின் திறமை மட்டும் போதாது. பஸ் பட்டறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அதன் எண்ணெய்கள் சரியாக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வாயுவாக்கி எஞ்சினை ஓட்டும் கருவியை இதே நிறுவனம் செய்து விற்றது. கரிவாயுவோடு வரும் நுண்ணிய சாம்பல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதைச் சீக்கிரமே சேறாக்கும். எரிபொருளே கிடைக்காத காலத்திலும் ஆயிலை வழக்கத்தைவிட விரைவாக மாற்றியாக வேண்டிய நிலை. சிக்கனம் பார்த்தவர் எஞ்சினை இழந்திருப்பார். 1972-இல் பேருந்துகள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பிறகு திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுக்கப்பட்டன. நெடுஞ்சாலைகளுக்குப் பேர்போன ஒரு ராணியின் பெயர் இந்த ஊர்ப் பேருந்திலிருந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு. பெயர் மாறினாலும் டெப்போவின் முறை மாறவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடிய கிலோமீட்டர் கணக்கு; அந்தக் கணக்குப்படி எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில் மாற்றம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை முறை பஸ் வழியில் நின்றது என்பதை வைத்துப் போக்குவரத்துக் கழகங்கள் அளக்கப்படுகின்றன. அந்த எண் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெப்போக்காரர்கள். ஆகவே கெடுவை வைக்கிறவர்களும் அவர்களே.

லாரித் தொழிலில் இது இன்னும் கறாராக இருந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து இரவில் புறப்படும் லோடு விடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் விலை போகாது. கியர்பாக்ஸில் ஊற்றும் 90 ஆயில் தேன்போலக் கனமானது. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் கிழியாமல் நிற்கக் கந்தகச் சேர்மங்கள் கலந்தது. அதற்கு வேலை ஒன்றுதான்: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே படலமாக நிற்பது. அவ்வளவு எளிய வேலை செய்யும் எண்ணெயையே, கொடைக்கானலுக்கும் சமவெளிக்கும் இடையே ஏறி இறங்கும் வண்டிக்குச் சீக்கிரம் மாற்றினார்கள். நான்கு வழிச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குத் தள்ளிப் போட்டார்கள். பாதையைப் பார்த்துக் கெடு வைக்கும் வண்டிக்காரரின் பழைய கணக்கு இங்கே உயிரோடு இருந்தது.

இப்போது அந்தச் சிவப்பு எண்ணெய்க்கு வருவோம். அது பிறந்தது அமெரிக்காவில். 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது. 1949-இல் இத்தகைய பெட்டிகளுக்கென்று தனி எண்ணெய்த் தரம் ஒன்றை வகுத்தது; 1967-இல் அது டெக்ஸ்ரான் ஆனது. எஞ்சின் ஆயிலோடு குழம்பிவிடாமல் இருக்கவும், கசிந்தால் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்கவும் சிவப்புச் சாயம் கலந்தார்கள். இந்த எண்ணெய் செய்யும் வேலைகளைப் பார்த்தால், கியர் ஆயில் எவ்வளவு சுகவாசி என்று தோன்றும். எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு விசிறியிலிருந்து இன்னொரு விசிறிக்குக் கடத்துவதே எண்ணெய்தான். வால்வுகளைத் தள்ளி, எந்தக் கியர் விழ வேண்டும் என்பதை நிறைவேற்றும் அழுத்தமும் அதுவே. பல்சக்கரங்களுக்கு மசகு அது. வெப்பத்தைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும் அது. எல்லாவற்றையும்விட நுட்பமானது கிளட்ச் தட்டுகளின் இடையே அது செய்யும் வேலை. காகிதம்போன்ற உறை ஒட்டிய தட்டுகள் எண்ணெயில் மூழ்கியபடியே ஒன்றையொன்று கவ்வ வேண்டும்; அதிகம் வழுக்கினால் தட்டு கருகும், சட்டென்று பிடித்தால் கார் உதறும். வழுக்குவதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோட்டில் எண்ணெயை நிறுத்துவது அதில் கலந்த சேர்மங்கள். ஆரம்ப காலத்தில் இதற்கு உதவியது திமிங்கில எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களுக்குத் தடை போட்டதும், எண்ணெயின் சேர்மானத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 1973-இல் இரண்டாம் டெக்ஸ்ரான் வந்தது. புதிய கலவைகளால் கூலரின் ஈயப்பற்று அரிக்கிறது என்று கண்டு, மறுபடியும் திருத்தினார்கள். ஒரு சேர்மம் மாறியதற்கே இவ்வளவு பாடு. அந்தச் சேர்மங்கள் ஓடி ஓடித் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சம்பவமே விடை.

முதல் தலைமுறை ஆட்டோமேட்டிக்குகளைச் செய்தவர்களுக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. எண்ணெய் மாற்றுவது வழக்கமான பராமரிப்பாக இருந்தது; பல பெட்டிகளில் டார்க் கன்வெர்ட்டருக்கே தனியாக வடிகால் திருகு வைத்திருந்தார்கள், பழைய எண்ணெய் முழுவதும் வெளியேற வேண்டும் என்பதற்காக. பிறகு அந்தத் திருகு போயிற்று. அளவு பார்க்கும் கம்பியும் பல கார்களில் போயிற்று. எண்ணெயின் தரம் உயர்ந்தது உண்மைதான். செயற்கை எண்ணெய்கள் பழையவற்றைவிடப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். ஆனால் மாற்றவே வேண்டாம் என்ற முடிவுக்குத் தரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. முதல் சில ஆண்டுகளின் பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டினால் கார் எளிதில் விலை போகும். அந்த ஆண்டுகளுக்குள் கியர்பாக்ஸ் பழுதாகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதற்கு வலுவான சாட்சி வேறு எங்கோ இல்லை, கியர்பாக்ஸ் செய்பவர்களிடமே இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியை வாங்கித் தன் காருக்குள் வைக்கும் நிறுவனம், ஆயுள் முழுவதும் போதும் என்கிறது. பெட்டியைச் செய்தவர் ஒன்று சொல்ல, காரை விற்பவர் வேறொன்று சொன்னால், செய்தவர் பேச்சைத்தான் நான் நம்புவேன். ஆயுள் என்று விற்பவர் எதைக் கணக்கிடுகிறார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நம் நாட்டில் தனியார் காரின் பதிவே 15 ஆண்டுக்கு. அதன் பிறகும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். திண்டுக்கல் போன்ற ஊரில் ஒரு கார் இரண்டு மூன்று கை மாறி, அந்த 15 ஆண்டையும் முழுதாக வாழ்கிறது.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. எண்ணெய் வைக்கும் வேலை வரலாற்றில் பல இடங்களில் உண்மையாகவே ஒழிந்திருக்கிறதே என்று கேட்கலாம். மரச்சக்கரம் போய் டயர் வண்டி வந்ததும் மைக்குழாய் மறைந்தது; பேரிங்குக்குள் கிரீஸ் அடைத்தால் நெடுநாள் ஓடியது. ரயிலில் பஞ்சுக்கழிவும் வெண்கலத் தாங்கியும் போய் ரோலர் பேரிங் வந்ததும், ஹாட் ஆக்சில் அரிதாயிற்று. பழைய கார்களில் கிரீஸ் அடிக்க எத்தனையோ முனைகள் இருந்தன. இன்றைய கார்களில் பெரும்பாலும் அவை இல்லை. அப்படியானால் கியர்பாக்ஸும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது என்று ஏன் கொள்ளக் கூடாது? கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் உள்ளே நடக்கும் வேலையில் இருக்கிறது. மூடிய பேரிங்கில் இரும்பு உருளுகிறது. சரியாக மசகிட்டால் கிட்டத்தட்ட எதுவும் உதிர்வதில்லை, வெளியிலிருந்து எதுவும் நுழைவதில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டியில் கிளட்ச் தட்டு ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சிறிது உதிர்ந்தே தீரும். அந்தத் துகள் முழுவதும் எண்ணெயில்தான் மிதக்கும். அடித்தட்டில் காந்தத் துண்டுகளை வைத்துத்தான் பெட்டியைச் செய்கிறார்கள். உதிரப்போகிறது என்று தெரிந்ததால்தானே அந்தக் காந்தம்? இரும்புத் துகளைக் காந்தம் பிடிக்கும், பெரிய துகளை வடிகட்டி பிடிக்கும். நுண்ணிய காகிதத் துகள் இரண்டுக்கும் அகப்படாமல் வால்வுகளின் மயிரிழை இடைவெளிக்குள் போய்ச் சேரும். ரோலர் பேரிங்கேகூட ஓயாமல் ஓடவில்லை. குறித்த காலம் வந்ததும் ரயில்வே அதைக் கழற்றிச் சோதித்துத்தான் திரும்பப் போடுகிறது.

இனி ஊருக்கு வருவோம். பல நிறுவனங்களின் கையேடுகளைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: சாதாரண ஓட்டம் ஒன்று, கடின ஓட்டம் இன்னொன்று. ஆயில் மாற்ற வேண்டாம் என்பது முதல் அட்டவணைக்கு உரியது. இரண்டாவது அட்டவணையில் மாற்றும் தூரம் குறிப்பிட்டிருக்கும். எது கடின ஓட்டம் என்ற பட்டியலில் வருபவை: 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நெரிசலில் ஓட்டுவது, மலைச்சாலை, புழுதிச் சாலை, அடிக்கடி குறுந்தொலைவுப் பயணம். திண்டுக்கல்லில் பங்குனி பிறந்துவிட்டால் பகல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கக் காத்திருக்க வேண்டும். கோடையில் 38, 39 சாதாரணம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாரக் கடைசியில் கொடைக்கானல் அல்லது சிறுமலை. பட்டியலை எழுதியவர்கள் இந்த ஊரை மனத்தில் வைத்து எழுதவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வரியும் இங்கே பொருந்துகிறது. மலையேற்றம் எண்ணெயை என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். வத்தலக்குண்டிலிருந்து லாஸ் காட் சாலையில் ஏறினால் கொடைக்கானல் அந்த ஊரைவிட ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1914-க்கும் 1916-க்கும் இடையில் திறந்துவிடப்பட்ட அந்தச் சாலை, வண்டி வாகனம் போவதற்கென்று வளைத்து வளைத்துப் போட்டது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் வேலை 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த ஆற்றல் ஏழெட்டு லிட்டர் எண்ணெயில் ஓடும் பெட்டி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி, அதில் ஒரு பங்கு வெறும் சூடாக மாறுகிறது. எண்ணெயின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அது கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலின் பழைய கணிப்பு. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் சொல்லும் விதியும் இங்கே பொருந்தும். டி-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை நம்பி இறங்காமல், கீழ்க் கியரைப் பிடித்து இறங்குவதே முறை. இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், இந்தப் பகுதியில் ஓடும் டார்க் கன்வெர்ட்டர் காருக்கு 60,000 கிலோமீட்டர் அல்லது 5, 6 ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அதைக் கெடுவாக வைப்பது மிகையல்ல.

பட்டறைகளில் அதிகம் கேட்கும் அச்சம் வேறொன்று: இத்தனை நாள் மாற்றாத பெட்டியில் புது ஆயிலை ஊற்றினால் பெட்டியே போய்விடும் என்பது. இது வெறும் கட்டுக்கதை இல்லை. மாற்றிய சில வாரங்களில் கியர் வழுக்கி நின்ற கார்கள் உண்டு. ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் படிக்கிறார்கள். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, கியர் தாமதமாக விழத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலோர்க்கு எண்ணெயின் நினைவே வருகிறது. அப்போது தட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். எண்ணெயில் மிதந்த துகள் கொடுத்த பிடிப்பால் அது எப்படியோ ஓடிக்கொண்டிருந்திருக்கும். புது எண்ணெய் அந்தத் துகளைக் கொண்டுபோய்விட, தேய்மானம் வெளியே தெரிகிறது. எந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவது இன்னும் ஆபத்து. மூலைகளில் படிந்திருந்த கசடு கிளம்பி வால்வுகளை அடைக்கும். ஆகையால் கருகல் வாடை அடித்து, கியர் வழுக்கத் தொடங்கிவிட்ட பெட்டிக்கு எண்ணெய் மாற்றம் மருந்தாகாது. அதைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும் பெட்டிக்கு, வயது எதுவானாலும், படிப்படியாக மாற்றினால் தீங்கு வராது. அடியில் உள்ள திருகைத் திறந்தால் டார்க் கன்வெர்ட்டரில் தங்கியது வராது. மொத்தத்தில் நாற்பது சதவீதம் போல்தான் வடியும். அந்த அளவே புதிதாக ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, மூன்று தடவை செய்தால் 78 சதவீதம் புது எண்ணெயாகிவிடும். முடிந்த பெட்டிகளில் வடிகட்டியையும் அடித்தட்டின் காந்தத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். வண்டிக்காரர் பழைய மையை வழித்தெடுத்த அதே வேலைதான்.

எண்ணெயின் அளவு பார்ப்பதில்தான் இந்த ஊர் வெயில் குறுக்கே வருகிறது. கம்பி இல்லாத பெட்டிகளில், எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட வெப்பத்தில், பக்கத்துத் திருகிலிருந்து எண்ணெய் மெல்ல வழிந்தால் அளவு சரி என்று பொருள். பல பெட்டிகளுக்கு அந்த வெப்ப வரம்பு 30 முதல் 50 டிகிரிக்குள். சித்திரை வெயிலில் நிழலில் நிறுத்தியிருந்த காரின் எண்ணெயே 40-ஐ நெருங்கியிருக்கும். எஞ்சினைப் போட்டதும் வரம்பைத் தாண்டிவிடும். சூட்டில் விரிந்த எண்ணெயை வைத்து அளவு பார்த்தால் பெட்டியில் குறைவாகவே இருக்கும். காலையில் முதல் வேலையாக, ஸ்கேனர் கருவியில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு செய்வதே சரி. அடுத்தது எந்த எண்ணெய் என்பது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. கையேட்டில் எழுதியுள்ள தரம் எதுவோ அதுதான். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 2014-இல் மாருதி செலெரியோவோடு மலிவு விலையில் பரவிய ஏ.எம்.டி. கார்கள், கிளட்ச் பெடல் இல்லாததால் ஆட்டோமேட்டிக் என்று அழைக்கப்பட்டாலும், உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்தவும் கியரை மாற்றவும் ஒரு கருவி சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே. அதற்குக் கியர் ஆயில் தனி, அந்தக் கருவிக்கான எண்ணெய் தனி. சி.வி.டி. பெட்டியில் எஃகு வார் வழுக்காமல் பிடிக்க வேண்டும். அதற்கென்று வேறு எண்ணெய். எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச் பெட்டிகளில் ஃபோக்ஸ்வாகன் முதலிலிருந்தே 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிவந்தது. ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றினால், மாற்றாமல் விட்டதைவிடப் பெரிய கேடு. செலெரியோ வந்த ஆண்டில் வாங்கிய கார்கள் இன்று பத்து வயதைத் தாண்டி, இரண்டாம் கை சந்தையில் நிற்கின்றன. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இருந்ததுபோன்ற ஒரு பட்டறைப் பழக்கம் இந்தக் கார்களுக்கு இப்போதுதான் உருவாக வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, நான் மிகவும் மதிக்கும் மறுப்பு: மாற்றாமல் விட்டால் அவ்வளவு கழிவெண்ணெய் மிச்சம்தானே? திண்டுக்கல்லில் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இந்த ஊர்க் கிணறுகளை என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன செய்தி. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வந்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் கட்டுப்பட வேண்டிய ஐந்து மாவட்டங்களுள் அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. தரையில் ஊற்றியது தண்ணீரில் திரும்பி வரும் என்று இவ்வளவு செலவு செய்து கற்ற ஊர் வேறு சிலவே இருக்கும். ஆனாலும் மாற்றாமல் விடுவதால் எண்ணெய் மிச்சமாவதில்லை. கருகிய பெட்டியைப் பிரிக்கும்போது அந்த எண்ணெயும் வெளியேறித்தான் ஆக வேண்டும். கூடவே அலுமினியமும் எஃகுமாக ஒரு கியர்பாக்ஸ் பழைய இரும்புக்குப் போகும். இன்னொன்றைச் செய்ய மறுபடி உருக்க வேண்டும். ஆறு ஆண்டுக்கு ஒரு முறை வடியும் சில லிட்டரை மறுசுத்திகரிப்புக்கு அனுப்பினால், அது மீண்டும் அடிப்படை எண்ணெயாகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயைத் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற எண்ணெய்க்கு ஈடாகக் கழிவெண்ணெய் மறுசுழற்சியாவதற்கு உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் அந்த விதிகள் பொறுப்பாக்கியுள்ளன. பட்டறையின் பங்கு வடித்ததைத் தனிப் பீப்பாயில் சேர்த்து, அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுத்து, ரசீது வாங்குவது. சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், கரையானுக்கு ஊற்றவும் கேட்டு வருகிறவர்களுக்கு அளந்து கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவதும் அதில் அடங்கும். கார்க்காரரின் பங்கு, எண்ணெய் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஊற்றிய எண்ணெயின் தரத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வாங்குவது. அந்தக் காரை அடுத்து வாங்கப்போகிறவர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.